பெட்டி மேல 3000 வாட்ஸ், உள்ள 24

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல வீட்டு ஸ்பீக்கர் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அட்டவணைல வாட்ஸ் கூட இருக்கறதெல்லாம் மேல, கம்மியா இருக்கறதெல்லாம் கீழன்னு அடுக்குனதுதான் மனசுக்கு ஒப்பல. இருவது வருஷத்துக்கு மேல ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பாக்குறேன். அட்டப்பெட்டில கொட்ட எழுத்துல 3000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு (கண்ணிமைக்கிற நேரத்துக்கு மட்டும் வரும்னு சொல்ற உச்ச பவர்) போட்ட ஒரு செட்டு போன மாசம் கடைக்கு வந்துச்சு, கழட்டிப் பாத்தா உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 12 வோல்ட் 2 ஆம்பியர், பெருக்கிப் பாருங்க, 24 வாட்ஸ்தான் வருது. கரண்ட சேத்து வைக்கற கெபாசிட்டர்ல இருக்கறத கண்ணிமைக்கிற நேரம் கொட்டுனாலும் 3000 எங்க இருந்து சார் வரும்?

ஸ்பீக்கர் மேல எழுதியிருக்கற வாட்ஸ் அது எவ்ளோ தாங்கும்னு சொல்றது, அவ்ளோதான். சத்தத்துக்குப் பாக்க வேண்டியது சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட் குடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தா எத்தன டெசிபல் காட்டுதுன்னு. அதுல 3 டெசிபல் கம்மியானா அதே சத்தத்துக்கு ரெண்டு மடங்கு பவர் வேணும், 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்ல குடுக்கற சத்தத்த 82 டெசிபல் ஸ்பீக்கர் குடுக்க 80 வாட் தேவப்படும்.

அதுக்காக டெசிபல் கம்மின்னா மட்டம்னு அடுத்த வாரம் எழுதிடாதீங்க! 1970கள்ல பிபிசி இன்ஜினியர்கள் எல்எஸ்3/5ஏன்னு ஒரு சின்ன ஸ்பீக்கர் செஞ்சாங்க, ஸ்டூடியோவுக்கு வெளிய போய் ஒலிபரப்பு பண்ற வேன்ல வச்சு குரல் சரியா வருதான்னு பாக்க. 30 சென்டிமீட்டர் உயரம், 5 லிட்டர் மூடுன பெட்டி, சென்சிடிவிட்டி சுமார் 82தான், 25 வாட்டுக்கு மேல குடுத்தா திணறும். ஆனா ஒரு ஆள் பேசுனா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே இருக்கும். காரணம் பெட்டிதான், கனமான பலகைக்கு பதிலா மெல்லிசான பிளைவுட்ட போட்டு உள்பக்கம் அதிர்வு அடக்குற ஷீட் ஒட்டியிருப்பாங்க, விரலால தட்டுனா டங்குனு வராது, தொப்புனு அமுங்கிப்போகும். கீச்சு சத்தம் குடுக்கற சின்ன ஸ்பீக்கர், அதான் ட்வீட்டர், அத சுத்தி கம்பளித் துணி வேற, பெட்டி விளிம்புல பட்டு சத்தம் கலங்காம இருக்க. இடி மாதிரி பேஸ் கேக்கறவங்களுக்கு இது ஆகாது, அதையும் சொல்லிடறேன்.

இன்னொண்ணு, நம்ம வீட்டுல சுவர் சிமெண்ட்டு, தரை டைல்ஸ், ஹால்ல நின்னு ஒரு தடவ கைதட்டுனா ரெண்டு தடவ கேக்கும். இதுல ஸ்பீக்கர ஷோகேஸ்குள்ள, சுவரோட ஒட்டி, பொம்ம பக்கத்துல வச்சிடறாங்க. சுவர் மூலைல வச்சா பேஸ் தானா ஏறும், கொழகொழன்னு இருக்கும், உடனே ஸ்பீக்கர் போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு வருவாங்க. போன வாரம் ஒரு அண்ணன் வீட்டுக்கே போய் ஸ்பீக்கர ஷோகேஸ்ல இருந்து எடுத்து ரெண்டு ஸ்டூல் மேல வச்சு சுவர்ல இருந்து ஒன்னரை அடி முன்னாடி தள்ளி தரைல ஒரு ஜமுக்காளத்த விரிச்சேன், பாட்டு போட்டுட்டு மனுசன் என்ன பார்ட் தம்பி மாத்துனேன்னு கேக்கறாரு.

அடுத்த தடவ அட்டவணை போடும்போது வாட்ஸ் பக்கத்துல சென்சிடிவிட்டிக்கும் ஒரு கட்டம் விடுங்க சார், பிஎம்பிஓ கட்டத்த எடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு ரேடியோ மெக்கானிக், திருச்சி