பெல்ட் புதுசா?

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போட்டோ வந்து சேர்ந்தது. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "நல்லா இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பார்த்தது உன் நீல பெல்ட்டை. போன வருஷப் படத்தில் அதன் நுனி நடுத்தொடையில் நின்றது. இதில் முழங்காலைத் தொடுகிறது. புது பெல்ட் வாங்கினாயா? ஒரு அளவு பெரிதாக வாங்கிவிட்டாயோ?

சரி, அது கிடக்கட்டும். நம் குஸ்தியில் வரும் தெம்பும், அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு நீ ஆடும் ஜியு ஜிட்சு மல்யுத்தத்தில் வரும் தெம்பும் ஒன்றா என்று தீபாவளி அன்று கேட்டாய். "எங்க கோதாவுல ரெண்டு நாள் நின்னா உங்க ஆளுங்க வாந்தி எடுப்பாங்க" என்று சிரித்தேன். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. வேலை இருந்திருக்கும். இப்போது ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன்.

குஸ்தி மூன்று நிமிடம், 30 விநாடி ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம். இரண்டு தோளும் பாயில் பதிந்தால் ஆட்டம் முடிந்தது. அதனால் என்ன ஆனாலும் மல்லாக்க விழக் கூடாது, கழுத்தை வில்லாக வளைத்தாவது தாங்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கழுத்தும் இடுப்பும் தொடையும் இறுகுவது இதனால்தான். கீழே பாய்ந்து காலைப் பிடி, தூக்கு, எழுந்திரு, மறுபடி பாய். சும்மா நின்றால் நடுவர் எச்சரிப்பார். தண்டால், பஸ்கி, கயிறு ஏறுவது, கர்லாக்கட்டை எல்லாம் அன்றாடப் பயிற்சிக்குள்ளேயே வந்துவிடும். உடம்பைத் தேற்றத் தனியாக எங்கும் போக வேண்டாம்.

உங்கள் ஆட்டத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டே ஜெயிக்கலாம். சோம்பேறி விளையாட்டு என்று நான் சொன்னது தப்பு. உன் வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். நீல பெல்ட்டுக்கு 6 நிமிடம், கருப்புக்கு 10, நடுவில் இடைவேளையே கிடையாது. எதிராளியின் காலரைப் பிடித்த பிடியை விடாமல், அவள் பாரத்தையும் நெஞ்சில் தாங்கிக்கொண்டு, நீ நிதானமாக மூச்சு விடுகிறாய். அந்தத் தெம்பு என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை. எனக்கு மூன்றாவது நிமிடத்திலேயே முன்கை செத்துவிடும்.

ஆனால் உங்கள் வகுப்பில் பாதி நேரம் நுணுக்கம் சொல்லித் தருவதில் போகிறது. மீதியிலும் கீழே படுத்து இளைப்பாற இடமுண்டு. கால் பலமும் பாய்ச்சலும் அதில் தானாக வராது. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட் போடு. ஆட்டத்துக்குப் போடும் கி சட்டையில் பழையதைக் கம்பியில் மாட்டி, அதைப் பிடித்துத் தொங்கி புல்-அப் எடு. ஒரு நாள் குட்டிக் குட்டியாக வேக ஓட்டம். இதெல்லாம் சாப்பிடுகிறவர்கள் செய்வது. வெறும் வயிற்றோடு செய்தால் உள்ள தசையும் கரையும். காலையில் என்ன சாப்பிடுகிறாய்?

அபுதாபியில் 2008-லிருந்தே பள்ளிக்கூடத்தில் ஜியு ஜிட்சு சொல்லித் தருகிறார்களாம், அங்கே என் மகள் உதவிக் கோச் என்று டீக்கடையில் ஒருத்தரை விடாமல் சொல்லியாகிவிட்டது. கேட்ட ஆளிடமே மறுபடி சொல்கிறேன் என்று அம்மா திட்டுகிறாள். அந்தக் கோச்சுக்கு வீட்டுக்கு ஒரு போன் போட நேரமில்லை.

ஜனவரியில் லிஸ்பனில் போட்டி என்றாய். அந்தப் போட்டி விதிப்படி ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் எடை பார்ப்பார்கள், அதுவும் கி உடுப்போடு. ஒரே வாய்ப்பு. கி மட்டுமே ஒன்றரைக் கிலோ தேறும். தண்ணீரை நிறுத்தி உடம்பைக் காயவைத்தால், காய்ந்த உடம்போடுதான் பாய்க்குப் போக வேண்டும். ஒரு எடைப் பிரிவு மேலே போனால் என்ன? கனமானவளோடு மோதித் தோற்றாலும் பரவாயில்லை. சாப்பிட்டுவிட்டுத் தோற்றுக்கொள்.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் குஸ்தி ஆடப்போன வினேஷ் போகாட்டுக்கு எடை 100 கிராம் கூடிப்போன அன்று, ராத்திரியெல்லாம் எடையைக் குறைக்கப் பார்த்தார்கள், முடியைக்கூட வெட்டினார்கள் என்று டிவியில் சொன்னார்கள். அம்மா டிவியை அணைத்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உன் பின்னல் இன்னும் அவள் பீரோவில்தான் இருக்கிறது.

1997-ல் அமெரிக்காவில் மூன்று கல்லூரிப் பையன்கள் இப்படி எடை குறைக்கப்போய் ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்துச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ரப்பர் உடை போட்டு ஓடுவதையும் நீராவி அறையையும் அங்கே கல்லூரிக் குஸ்தியில் தடை செய்தார்கள். இதை நான் இப்போது படித்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பயிற்சியாளர் வகுப்பில் என் கையாலேயே எழுதிய குறிப்பு. அது தெரிந்தும் உனக்கு ரெயின்கோட் மாட்டி மொட்டை வெயிலில் ஓடவிட்டேன். தெரிந்துதான் கத்தரிக்கோலையும் எடுத்தேன்.

நீ தராசுக்குப் பக்கத்தில் சுருண்டு விழுந்தபோது "நடிக்காதே, எந்திரி" என்றது யாரோ ஒரு அதிகாரி என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அது யார் குரல் என்று உனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் நீ அவளிடம் சொன்னதில்லை. நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாயோ என்னவோ. அவள் இப்போது அடுப்படியில்தான் இருக்கிறாள். இதை ஒட்டுவதற்கு முன்னால் அவளிடம் வாசித்துக் காட்டப் போகிறேன்.

தண்ணீர் குடி. வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழம். பொட்டுக்கடலை உருண்டை அனுப்பியிருக்கிறாள், கூட இருக்கும் பிள்ளைகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே.

போன் பண்ண வேண்டாம், உனக்குத் தோன்றும்போது பண்ணு. அந்த பெல்ட் புதுசா, பழசா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அப்பா