அந்தக் காகிதம் அவர் கைக்குப் போகட்டும்

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களின் செயலாளர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு வழக்கறிஞர். சிறையில் இருப்பவர்களுக்கு மேல்முறையீடும் மனுவும் எழுதித் தருவது என் வேலை.

போன மாதம் ஒரு மத்தியச் சிறை வாசலில், உள்ளே இருக்கும் மகனைப் பார்த்துவிட்டு வந்த ஓர் அம்மா என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். உள்ளே நான்காக மடித்த ஒரே ஒரு தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. "வக்கீல் தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?" ஆயுள் கைதியான மகனின் முன்விடுதலையை, அதாவது தண்டனை முடியும் முன்பே விடுவிப்பதை, நிராகரித்த உத்தரவு அது. முழுக்க ஆங்கிலம். தேதியைப் பார்த்தேன்: எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அவர்கள் விடுதலை வரும் என்று காத்திருந்திருக்கிறார்கள். வாசலிலேயே நின்று படித்துச் சொன்னேன். அவர் அழவில்லை. கவரை மறுபடி மடித்துக்கொண்டு, "இனி யார்கிட்ட கேக்கணும்?" என்றார்.

இலவசச் சட்ட உதவி தரும் உங்களிடம்தான் கேட்க வேண்டும். 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலத்தில், கைதிக்குத் தகுதி வந்ததும் அரசே பரிசீலிக்க வேண்டும், யாரும் விண்ணப்பிக்கத் தேவையில்லை. நிராகரித்தால் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும். உத்தரவு உடனே கைதிக்குப் போக வேண்டும், நகல் உங்களுக்கு வர வேண்டும். அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்று சிறை அதிகாரிகள் அவருக்குச் சொல்லவும் வேண்டும். ஆக, அந்த உத்தரவின் நகல் உங்கள் மேசைக்கு வந்தாக வேண்டிய ஒன்று.

இது புதிய பிரச்சினையும் அல்ல. 1978-இல் ஹோஸ்கோட் என்பவர், உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் தன் கைக்கு வரவே இல்லை என்று சொல்லி, நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக உச்ச நீதிமன்றம் போனார். அவர் மனு தள்ளுபடியானது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், தீர்ப்பு நகலை இலவசமாகக் கைதியிடம் சேர்த்து, எழுத்தில் ஒப்புகை வாங்க வேண்டும் என்றார். சரி, ஒப்புகை வாங்குகிறார்கள். படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளுக்குக் கைநாட்டு வைத்தால் அது ஒப்புகை ஆகிவிடுமா?

குண்டர் சட்டத்தில் விசாரணையின்றித் தடுப்புக் காவலில் அடைக்கப்பட்டவருக்கு, காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் தராவிட்டால், சட்டவிரோதக் காவலை எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுவில் அந்தக் காவல் உத்தரவே ரத்தாகும். 1962-இல் ஹரிகிசன் வழக்கிலிருந்து இதுதான் சட்டம். ஓராண்டு அடைபடுபவருக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, 14 ஆண்டுகளுக்கும் மேல் உள்ளே இருந்தவருக்கு இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தண்டனை பெற்றவருக்கு ஆட்கொணர்வு மனு பொதுவாகப் பயன்படாது. அவருக்கு இருக்கும் ஒரே பிடி அந்த உத்தரவுதான்.

நான் கேட்பது பெரிதல்ல. நிராகரிப்பு உத்தரவு வந்த அதே வாரத்தில் உங்கள் சட்ட உதவிப் பட்டியலில் உள்ள பேனல் வழக்கறிஞர் ஒருவர் சிறைக்குப் போகட்டும். கைதியை உட்கார வைத்து, வரிவரியாகத் தமிழில் சொல்லட்டும். அப்புறம், வழக்குப் போட வேண்டுமா என்று அவரிடமே கேட்டு, பதிலை எழுதி வைக்கட்டும்.

அந்த அம்மாவின் மகனுக்காக உயர் நீதிமன்றத்தில் மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதத் தாமதத்துக்கு என்ன காரணம் என்று அதில் நான் எழுதியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்