பெயர் சொல்லாமல் போன ஐயாவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கோவையில் நடந்த பழைய வண்டிகள் கண்காட்சியில் எங்கள் சக்திமான் லாரிக்குக் கை கொடுத்தீர்களே ஐயா, இது உங்களுக்குத்தான்.

ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் தயாரான ராணுவ லாரி. அப்பாவும் நானும் மூன்று வருஷம் உழைத்துச் சரிசெய்தது. அன்றைக்கு மைதான வாசலிலேயே நின்றுவிட்டது. செல்ஃப் அடித்து அடித்து பேட்டரியும் இறங்க, பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "தம்பி, போதும், டீசல் லைன்ல காத்து ஏறியிருக்கு" என்றீர்கள். உங்கள் பைக்கிலிருந்து ஸ்பேனர் எடுத்து, ஃபில்டர் மேலிருந்த போல்ட்டைத் தளர்த்தி, என்னைக் கைப்பம்பை அடிக்கச் சொல்லி, நுரை அடங்கி வெறும் டீசல் வரும்வரை பொறுமையாகப் பார்த்து இறுக்கினீர்கள். ஒரே அடி, பிடித்துக்கொண்டது. அப்பா அழுதே விட்டார்.

அதோடு போகவில்லை நீங்கள். ராணுவ வண்டி ஏன் பச்சையாக இல்லை என்று கேட்ட பிள்ளைகளிடம், ராணுவம் தவிர வேறு யாரும் வண்டிக்கு ஆலிவ் பச்சை அடிக்க மோட்டார் வாகன விதியில் அனுமதி இல்லை, அதனால்தான் இந்த மண் நிறம் என்று எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள்! பட்டாளத்தில் இதே வண்டி ஓட்டியதாகவும் சொன்னீர்கள்.

சரி, டீ வாங்கி வருவதற்குள் போய்விட்டீர்கள். ரொம்ப நன்றி ஐயா. உங்கள் ஸ்பேனர் எங்கள் லாரியின் டூல்ஸ் பெட்டியில்தான் இருக்கிறது. வாங்க, ஒரு ரவுண்டு நீங்களே ஓட்டுங்கள்.