ஸ்பிரிங்க்ளர் பணி நிறைவு அறிக்கை: உறுப்பினர்களின் பார்வைக்கு

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் குடியிருப்பின் எல்லா வீடுகளிலும், தீப்பிடித்தால் சீலிங்கிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பொருத்தும் பணி நிறைவடைந்தது. பம்ப், தொட்டி, மெயின் குழாய், பிரஷர் சோதனை எல்லாம் முடிந்துவிட்டன. வரவு செலவுத் தாளை இணைத்துள்ளோம். செலவு ஏன் கூடியது என்று உறுப்பினர்கள் கேட்டதற்கும் இதில் பதில் சொல்கிறோம்.

"கீழே தீயணைப்பு சிலிண்டர் தொங்குகிறதே, வீட்டுக்குள் வேறு எதற்கு?" என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். 2017 மே 31 அதிகாலை உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் துணிக்கடைக் கட்டடம் தீப்பிடித்ததை நம்மில் பலர் மொட்டைமாடியில் நின்று பார்த்தோம். ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. ஒரு பகுதி சரிந்தது. மிச்சத்தை இடித்துத் தள்ளினார்கள். அந்த ஜூலையில் கொடுங்கையூர் சிப்ஸ் கடைத் தீயை அணைக்கப் போன வீரர் ஒருவர், அங்கிருந்த காஸ் சிலிண்டர் வெடித்து உயிரை விட்டார். 1975-ல் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம், 1985-ல் மூர் மார்க்கெட் என்று முன்பும் பெரிய தீ விபத்துகள் நடந்திருக்கின்றன. இவற்றையெல்லாம் எழுதி வாசலில் ஒரு பலகை வைத்திருக்கிறோம். தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்தாலும் தி.நகர் நெரிசலைத் தாண்டித்தானே வர வேண்டும்? அதுவரை பிடித்த அறையிலேயே தீயை அடக்கி வைக்க ஒன்று வேண்டும்.

சரி, செலவு ஏன் கூடியது என்ற கேள்விக்கு வருகிறேன்.

குழாய் வேலை முடிந்த கையோடு சீலிங் பெயின்ட் நடந்தது. சீலிங்கில் தண்ணீர் தெளிக்கும் முனைகளான ஹெட்களை மூடிவிட்டு அடிக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்திருந்தோம். பெயின்ட் காண்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு மாடிகளில் ஹெட்களின் மேலேயே ஸ்ப்ரே அடித்துவிட்டார்கள். "தின்னர் போட்டுத் துடைத்துத் தருகிறேன்" என்றார் அவர். உறுப்பினர்களிலும் சிலர் அதையே சொன்னார்கள்: புது ஹெட்டைத் தூக்கிப் போடுவதா, யார் வீட்டுப் பணம்?

கமிட்டி ஏன் மறுத்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஹெட்டின் நடுவில் இருக்கும் சிறு கண்ணாடிக் குமிழில் திரவம் இருக்கிறது. சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் வெடித்துத் தண்ணீரைத் திறந்துவிடும். குமிழ் மேல் பெயின்ட் படிந்தால் சூடு உள்ளே போகத் தாமதமாகும். தண்ணீரை அடைத்திருக்கும் மூடிப் பகுதி ஒட்டிக்கொண்டால் திறக்காமலேயும் போகலாம். துடைத்த ஹெட் சரியாக வேலை செய்யுமா என்று பார்க்க ஒரே வழி, அதைச் சூடாக்கி உடைப்பதுதான். அதனால்தான் பெயின்ட் பட்டதை மாற்று, சுத்தம் செய்யாதே என்கின்றன தர விதிகள். ஒரு குழந்தை தூங்கும் அறையின் மேலே "அநேகமாக வேலை செய்யும்" என்ற ஹெட்டை விட்டுவைக்க நாங்கள் தயாராக இல்லை. அத்தனையையும் மாற்றினோம். பெயின்ட் பில்லில் அந்தத் தொகையைப் பிடித்ததும் காண்ட்ராக்டர் மீதி வேலையை விட்டுவிட்டுப் போனார். வேறு ஆளை வைத்து முடித்த கூலிதான் கூடுதல் செலவின் பெரும்பகுதி. இதே நிலை மறுபடி வந்தாலும் இதையேதான் செய்வோம்.

சாம்பிராணி போட்டால், தாளித்தால் வீடெல்லாம் தண்ணீர் கொட்டுமா என்று பயப்படுகிறார்கள். கொட்டாது. ஹெட்டுக்குப் புகை தெரியாது, சூடுதான் தெரியும். சூடு பட்ட ஹெட் மட்டும் திறக்கும். எல்லாம் சேர்ந்து திறப்பது சினிமாவில்தான். தீயணைப்புக் குழாய் பாய்ச்சும் தண்ணீரில் சிறு பங்குதான் இதில் செலவாகும்.

சி பிளாக் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா பம்ப் செலவில் பாதியைத் தந்தார். ஏ பிளாக் டாக்டர் தம்பதியர், மூன்றாம் மாடி மளிகைக்கடை அண்ணாச்சி குடும்பத்தார், துபாயில் இருக்கும் பி பிளாக் தம்பி, வாடகைக்கு இருந்தும் பங்கு கொடுத்த நான்கு வீட்டார், பலகைக்கு மரம் தந்த தச்சர் ஐயா, தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்ட இருவர், எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் முன்வந்தது கமிட்டிக்குப் பெருமை.

ஹெட்டில் துணிக்கொடியோ தீபாவளி சீரியல் விளக்கோ கட்டாதீர்கள். அடுத்த முறை வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன் அலுவலகத்தில் சொன்னால் ஹெட் மூடும் உறை தருவோம். ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திறந்த நிலையில் பூட்டியிருக்கிறோம். சாவி வாட்ச்மேனிடமும் செயலாளரிடமும் இருக்கும். பில்களைப் பார்க்க விரும்புவோர் ஞாயிறு காலை அலுவலகத்துக்கு வரலாம்.

இப்படிக்கு,
செயலாளர், பணிக் கமிட்டிக்காக