பஞ்சு தொட்டும் இமைக்காத கண்

இடது கன்னம் மரத்துப்போய் ஒன்றரை வருஷம். சைனஸ் என்றார்கள், சத்துக் குறைவு என்று வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு வந்தது ஷ்வானோமா, அதாவது நரம்பைச் சுற்றிய உறையில் வளரும் கட்டி. மண்டைக்குள் வரும் ஷ்வானோமா கட்டிகளில் பெரும்பாலானவை காது சம்பந்தப்பட்ட எட்டாம் நரம்பில் வருபவை. எனக்கோ முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாம் நரம்பில். புற்றுநோய் இல்லை, ஆனால் அபூர்வம்.

முதல் நன்றி பல் டாக்டருக்கு. கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று நானேதான் போய் நின்றேன். தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். "பல்லு நல்லா இருக்கு, பிடுங்க மாட்டேன். நரம்பு டாக்டரைப் பாருங்க" என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்புறம் அந்த நரம்பியல் டாக்டர். பஞ்சை நூல்போலத் திரித்து, பக்கவாட்டிலிருந்து கருவிழி ஓரத்தில் தொட்டார். வலது கண் சட்டென்று மூடிக்கொண்டது. இடது கண்ணில் தொட்டபோது இரண்டு கண்ணும் சும்மா விழித்துக்கொண்டிருந்தன. பல்லைக் கடிக்கச் சொல்லித் தாடையில் விரல் வைத்தார். இடப்பக்கச் சதை இறுகவே இல்லை. எம்ஆர்ஐக்கு எழுதிக் கொடுத்தபோது, மருந்து ஏற்றி எடுக்கவேண்டும், அந்த நரம்பின் பாதையை மெல்லிய துண்டுகளாகப் பார்க்கவேண்டும் என்று தன் கையாலேயே குறித்தார்.

படத்தில் நடுவில் இடுங்கி இருபுறமும் உருண்ட டம்பெல் மாதிரி ஒன்று. மூளையின் மேலுறையில் வளரும் மெனிஞ்சியோமா கட்டியாகவும் இருக்கலாமே என்று ரேடியாலஜிஸ்ட் அதோடு விடவில்லை, சிடியும் எடுக்கச் சொன்னார். மெனிஞ்சியோமா என்றால் பக்கத்து எலும்பு தடிக்கலாம். எனக்கு எலும்பு தடித்திருக்கவில்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. மெதுவாக, பல வருஷமாக வளர்ந்த கட்டி என்று புரியவைத்தார்.

அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்துப் பார்த்த, நோயாளிகள் கண்ணிலேயே படாத பேத்தாலஜிஸ்ட்டுக்கு இங்கே சொல்கிறேன். கேட்டதும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவிட்டார். நாற்று நட்டதுபோல உட்கருக்கள் வரிசையாக நிற்க, நடுவில் இளஞ்சிவப்பு இடைவெளி. ஷ்வானோமாவின் அடையாளமான இது, 1910-இல் வெரோகே என்பவர் விவரித்த அமைப்பாம். ஷ்வானோமாவில் இருக்கும் எஸ்-100 என்ற புரதத்தைக் காட்டும் சாயமும் நன்றாக ஏறியதால் சந்தேகம் தீர்ந்தது.

கன்னத்தில் மரப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வந்துவிட்டது. முதல் தடவை அந்தக் குழாய்க்குள் நடுங்கியபோது, ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் "இது நாலு நிமிஷம்தான், அசையாம இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்த டெக்னீஷியன் பெண்ணின் பெயரை நான் கேட்கவே இல்லை. இந்தத் தடவை கேட்டுவிடுவேன்.