பலகையில் எழுதாத விலை: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் தலைமை ஆணையருக்கும் மற்ற ஆணையர்களுக்கும் வணக்கம்.

நான் திருச்சி தென்னூர்க்காரன். மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள். அவள் வந்து போக டிக்கெட் போடுவது என் வேலை. அது போக, எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரிலோ ஷார்ஜாவிலோ இருந்தாலும், ஆதார் அட்டையும் பாஸ்போர்ட் ஜெராக்ஸுமாக என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும், கிரெடிட் கார்டும் இருக்கிறது. வெளிநாட்டு விமான நிறுவனத் தளங்களில் ரூபாயில் கட்டும்போது சொல்லாமல் சேரும் கூடுதல் பணத்தைப் பற்றி, அந்தத் தகுதியில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 ஜனவரி முதல் வாரம். மகள் அங்கிருந்து கிளம்பி இங்கே வந்து திரும்ப ஒரு வெளிநாட்டு விமான நிறுவனத்தின் தளத்தில் டிக்கெட் போட்டேன். விலை 900 ரிங்கிட். (எங்கள் பக்கத்தில் இதையும் வெள்ளி என்போம், சிங்கப்பூர் டாலரையும் வெள்ளி என்போம். எந்த ஊர் வெள்ளி என்று கேட்டுக்கொண்டுதான் பேச்சே தொடங்கும்.) ரிங்கிட்டில் விலை இருந்ததில் எனக்கு வருத்தமில்லை. பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறதோ அந்த நாட்டுப் பணத்தில் கட்டணம் சொல்வது விமானத் துறையின் பழைய வழக்கம். பல நாட்டுப் பணங்களைக் கூட்டிக் கழிக்க ‘என்.யு.சி.’ என்று ஒரு கற்பனை நாணயத்தையே 1989-லிருந்து அவர்கள் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நோட்டும் கிடையாது, சில்லறையும் கிடையாது, கணக்கில் மட்டும் வாழும் பணம். அந்த அளவுக்குக் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

கார்டு எண்ணை அடித்தேன். எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தே அது இந்திய கார்டு என்று தளத்துக்குத் தெரிந்துவிடும். உடனே பக்கம் மாறியது. சின்னதாக ஒரு இந்தியக் கொடி, பக்கத்தில் தடித்த எழுத்தில் 18,045 ரூபாய். ‘உங்கள் சொந்தப் பணத்திலேயே கட்டுங்கள், தொகை உறுதி’ என்ற பொருளில் ஒரு வரி. அந்தக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. அதற்கும் கீழே, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிக்க வேண்டிய சாம்பல் நிறத்தில், 900 ரிங்கிட் என்ற இன்னொரு கட்டம். ரூபாய்க் குறியைப் பார்த்ததும் மனசுக்கு ஒரு தெம்பு வரத்தான் செய்கிறது. 2010-ல் அந்தக் குறியை வரைந்து கொடுத்தவர் நம் தமிழ்நாட்டு உதயகுமார். இந்தக் காரியத்துக்காக அவர் வரைந்திருக்க மாட்டார்.

பட்டனை அழுத்தினேன். ஓடிபி கேட்கவே இல்லை, பணம் போய்விட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்தியாவுக்குள் நடக்கும் கார்டு பரிவர்த்தனை என்றால் ஓடிபி கேட்டிருக்கும்.

மாதக் கடைசியில் பில் வந்தது. 18,045-க்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள்: 180 ரூபாய் 45 காசு, அதற்கு ஜிஎஸ்டி 32 ரூபாய் 48 காசு. வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன்.

“சார், மெர்ச்சன்ட் லொகேஷன் ஃபாரின்னு காட்டுது சார்.”

“நான் ரூபாய்லதானேம்மா கட்டினேன்?”

“அதனாலதான் சார் இந்த சார்ஜே.”

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். சொன்னது அட்சர சுத்தமான உண்மை. வெளிநாட்டில் பதிவான வணிகரிடம் ரூபாயில் கட்டினால் 1 சதவீதம் என்று நம் வங்கிகள் பலவற்றின் கட்டணப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. இப்படி வணிகரே விலையை நம் ரூபாய்க்கு மாற்றி வசூலிப்பதற்கு டிசிசி, அதாவது டைனமிக் கரன்சி கன்வர்ஷன், என்று பெயர். பட்டியலை யார் படிக்கிறார்கள்?

அன்று ராத்திரி ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைய சந்தையில் ரிங்கிட் 19 ரூபாயை ஒட்டி இருந்தது. கணக்குக்கு 19 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 900 ரிங்கிட் என்பது 17,100 ரூபாய். தளம் என்னிடம் வாங்கியது 18,045, அதாவது ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் 5 காசு. சந்தை விலைக்கு மேல் ஐந்தரை சதவீதம். அதன் மேல் வங்கியின் 1 சதவீதமும் வரியும் சேர, என் கையை விட்டுப் போனது 18,257 ரூபாய் 93 காசு. அந்தச் சாம்பல் கட்டத்தைத் தேர்ந்து ரிங்கிட்டிலேயே கட்டியிருந்தால், என் கார்டின் வெளிநாட்டுப் பணக் கட்டணம் 3.5 சதவீதம், அதற்கு ஜிஎஸ்டி, ஆக 17,806 ரூபாய் 23 காசு. வித்தியாசம் சுமார் 450 ரூபாய்.

450 ரூபாய்க்கு இவ்வளவு பெரிய மடலா என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். என் மனக்குறை தொகையைப் பற்றியதல்ல.

திருச்சியில் நாணயம் மாற்றும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கும். டாலர், வெள்ளி, ரிங்கிட், திர்ஹாம் என்று வரிசை. எதிரில் இரண்டு பத்தி: வாங்கும் விலை, விற்கும் விலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கடைக்காரரின் பிழைப்பு. அது யாருக்கும் தெரியும், யாரும் சண்டைக்குப் போவதில்லை. பலகை பிடிக்காவிட்டால் அடுத்த கடை. இந்தப் பலகையை அவர் பெருந்தன்மையாக வைக்கவில்லை. விலையைப் பொதுமக்கள் பார்வையில் வைக்க வேண்டும் என்று உரிமம் பெற்ற நாணய மாற்றுக்காரர்களுக்கு ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது.

விமான நிறுவனத்தின் தளம் அன்று எனக்குச் செய்ததும் அதே தொழில்தான். ரிங்கிட்டை எனக்கு 20 ரூபாய் 5 காசுக்கு விற்றது. அந்தக் கூடுதலை, பணத்தை மாற்றித் தரும் நிறுவனம், வணிகரின் வங்கி, விமான நிறுவனம் ஆகியோர் தமக்குள் பங்கிட்டுக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் அமைப்பு. மாற்று விலையை எங்கோ ஒரு மூலையில் போட்டிருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் சந்தை விலைக்கு மேல் எத்தனை சதவீதம் என்ற அந்த ஒரு எண்ணைக் காணோம். ‘உறுதியான தொகை’ என்றவர்கள் வங்கி தனியாக 1 சதவீதம் போடக்கூடும் என்பதையும் சொல்லவில்லை. முச்சந்தியில் பத்துக்குப் பத்து கடை வைத்திருப்பவருக்குப் பலகை கட்டாயம். வானத்தில் விமானம் ஓட்டுகிறவருக்கு வேண்டாமா?

இதை விட மோசமான ஒன்றையும் பார்த்தேன். எதிர்வீட்டு அக்காவின் மகனுக்குத் திருச்சியிலிருந்தே கிளம்பும் டிக்கெட். விலையே ரூபாயில்தான். மாற்ற வேண்டிய பணம் எதுவும் இல்லை, கொடி கட்டிய கட்டமும் வரவில்லை. ஆனாலும் பில்லில் அதே 1 சதவீதம், அதே ஜிஎஸ்டி. காரணம், அந்த நிறுவனம் கார்டுப் பணத்தை வெளிநாட்டு வங்கி வழியாக வசூலிக்கிறது. நம் ஊர் விமான நிலையம், நம் ஊர் ரூபாய், நம் ஊர் கார்டு. பணம் மட்டும் கடலைத் தாண்டிப் போய்வந்ததற்குக் கட்டணம். சில வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியப் பக்கத்தில் யுபிஐ வாங்குகின்றன. அங்கே இந்தத் தொல்லை இல்லை. மற்ற இடங்களில், பில் வரும் வரை நமக்குத் தெரிய வழியே இல்லை. அக்காவுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் நான் ஏதோ கமிஷன் எடுத்தேன் என்று அவர் நினைத்திருந்தாலும் தப்பில்லை.

உங்களிடம் எழுதக் காரணம் இருக்கிறது. 2023 நவம்பர் 30-ஆம் தேதி நீங்கள் வெளியிட்ட இருண்ட உத்திகள் பற்றிய வழிகாட்டுதல்களைப் படித்தேன். இணையத்தில் வாங்குகிறவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியிருக்கிறீர்கள். இந்தியாவில் தொடர்ந்து பொருளோ சேவையோ விற்கும் எல்லாத் தளங்களுக்கும் அது பொருந்தும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு தகவலை எடுப்பாகக் காட்டி, வேண்டிய இன்னொன்றை மங்க வைப்பது அந்தப் பதின்மூன்றில் ஒன்று. விமான டிக்கெட்டோடு பயணக் காப்பீட்டைத் தானாகச் சேர்த்துவிடுவதை உதாரணமாகவே எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது கைதட்டத் தோன்றியது. காப்பீட்டுக்குப் பக்கத்திலேயே இந்த நாணயக் கட்டத்தையும் ஓர் உதாரணமாகச் சேர்த்துவிட்டால் என் வேலை பாதி முடிந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைச் செய்துவிட்டார்கள். 2019-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, 2020 ஏப்ரலிலிருந்து அங்கே கடையிலோ ஏடிஎம்மிலோ இப்படிப் பணம் மாற்றித் தருகிறவர், ஐரோப்பிய மத்திய வங்கியின் அன்றைய விலைக்கு மேல் எத்தனை சதவீதம் எடுக்கிறார் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே காட்டியாக வேண்டும். நமக்கும் அளவுகோல் இல்லாமல் இல்லை. டாலர், யூரோ, பவுண்டு, யென்னுக்கு எஃப்.பி.ஐ.எல். (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) என்ற நிறுவனம் தினமும் விலை வெளியிடுகிறது. ரிங்கிட்டுக்கும் வெள்ளிக்கும் விசா, மாஸ்டர்கார்டு தளங்களில் தேதியைப் போட்டால் அவர்களுடைய விலை வருகிறது. நானே போட்டுப் பார்த்துத்தான் இந்தக் கணக்கை எழுதினேன்.

ரூபாயில் கட்டும் வசதியையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2010-ல் இந்தச் சேவை புதிய கடைகளுக்குப் பரவக் கூடாது என்று விசா சில மாதங்கள் தடை போட்டது. அது போட்டியை நசுக்கும் செயல் என்று 2015-ல் நீதிமன்றம் 1 கோடியே 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கம்பெனிக் கணக்கில் டிக்கெட் போடுகிறவருக்குத் தொகை அப்போதே ரூபாயில் தெரிவது உபயோகம்தான். தளம் 2 சதவீதம் மட்டும் எடுத்தால், என்னைப் போல 3.5 சதவீத கார்டு வைத்திருப்பவருக்கு ரூபாயே லாபமாகவும் இருக்கலாம். எண்ணைக் காட்டினால்தானே அது தெரியும்?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். எந்தப் பணத்தில் கட்டுவது என்ற இடத்தில் டிக் எதுவும் முன்கூட்டியே இருக்கக் கூடாது. இரண்டு கட்டமும் ஒரே எழுத்து அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். மாற்று விலையோடு, அதில் சேர்த்திருக்கும் சதவீதமும் அங்கேயே தெரிய வேண்டும், இன்னொரு சுட்டியை அழுத்திப் போய்த் தேட வைக்கக் கூடாது. பணம் கட்டும் பட்டனுக்கு மேலே, ‘இந்தத் தொகை இன்ன நாட்டில் வசூலாகும், உங்கள் வங்கி கூடுதல் கட்டணம் போடக்கூடும்’ என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலாவதாகக் கருதுகிறேன், ஏனென்றால் எதிர்வீட்டு அக்காவுக்கு வேறு எந்த எச்சரிக்கையும் பயன்பட்டிருக்காது.

வங்கியைக் கேட்டால் விமான நிறுவனத்தைக் கேள் என்கிறார்கள். விமான நிறுவனத்துக்கு எழுதினால் உங்கள் வங்கியை அணுகவும் என்று பதில் வருகிறது. ரத்து செய்தால் இன்னும் சிக்கல். ரூபாயில் கட்டிய ஒருவருக்குத் திரும்ப வந்த தொகை அன்றைய இன்னொரு விலையில் கணக்குப் பார்த்துக் குறைவாக வந்தது. வங்கி எடுத்த 1 சதவீதம் வரவே இல்லை. இதில் வங்கி பக்கம் ரிசர்வ் வங்கியின் பொறுப்பு என்பதை அறிவேன். இந்த மடலின் நகலை அவர்களுக்கும் அனுப்புகிறேன். ஆனால் டிக் போட்ட கட்டம் உங்கள் எல்லைக்குள்தான் வருகிறது.

பணம் கட்டும் பக்கத்தின் படங்கள், எஸ்எம்எஸ், பில், இரண்டு தரப்பும் எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் அன்றே அனுப்புகிறேன். அடுத்த விடுமுறைக்கு மகளுக்கு டிக்கெட் போடும் நாளும் நெருங்குகிறது. இந்த முறை அந்தச் சாம்பல் கட்டம்தான், கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தென்னூரிலிருந்து, தெருவுக்கே டிக்கெட் போடும் ஒருவன்