ஓநாய் வாளும் கடைசி டைலும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்குக் காரணம் உன் மகள்தான். அவள் கேட்ட கேள்விக்கு வெறும் வாயால் பதில் சொல்ல மனம் வரவில்லை. வேலையை முடித்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன், நாள் ஓடிவிட்டது.

அப்பாவின் முழங்கால் சிகிச்சை நல்லபடி முடிந்து, இப்போது மாடிப்படி ஏறுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் பெரிய நிம்மதி. நீ வேலை மாறியதும் நல்லதுதான். ராத்திரி ஷிப்ட் போதும் என்று நான் எத்தனை வருடமாகச் சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம். எனக்குக் கண்ணாடி பவர் மட்டும் கூடிவிட்டது. தினமும் எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் எழுத்து வரைந்தால் கூடாமல் என்ன செய்யும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் பள்ளி நாளில் விழுந்து விழுந்து ஆடிய, இப்போது நான் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அந்த முதல் ஃபைனல் ஃபேண்டஸி வீடியோ ஆட்டத்தை உன் மகள் இப்போது ஆடுகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அதிலும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஓநாய் மனிதர்களை ‘வேர்’ (Were, ‘வேர்வுல்ஃப்’ என்ற ஓநாய் மனிதனின் சுருக்கம்) வாளால் இருபது முறை, மற்ற எதிரிகளை இருபது முறை வெட்டி, ஒவ்வொரு அடிக்கும் எண் குறித்திருக்கிறாளே! “அந்த வாளுக்கு ஓநாய் வாள்னு பேர் இருக்கு, ஆனா ஓநாயை அது தனியா ஒண்ணும் பண்ணலையே, ஏன்?” என்று கேட்டாளாம். அவளிடம் சொல், அவள் கணக்கு சரி. அந்த வாள் ஓநாய்க்கென்று தனியாக ஒன்றுமே செய்வதில்லை. 1987-இல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட நாளிலிருந்து அப்படித்தான்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், அவளுக்கும் படித்துக் காட்டு. அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு எதிரிக்கும் அது எந்த இனம் என்று சொல்ல ஒரு பைட் உண்டு. ஒரு பைட்டுக்குள் எட்டு பிட், அதாவது 0 அல்லது 1 நிற்கும் எட்டு இடம், எட்டு இனம். டிராகன், ராட்சதன், பிணப்பேய், ஓநாய் மனிதன், நீர்வாழ் பிராணி, மந்திரவாதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட். ஆயுதத்துக்கும் அதே மாதிரி ஒரு பைட் உண்டு. இரண்டிலும் ஒரே இடத்தில் 1 இருந்தால் தாக்குதலில் 4, குறி தவறாமல் படுவதில் 40 கூட வேண்டும். ‘வேர்’ வாளின் பைட்டில் ஓநாய் பிட் அழகாக 1 என்று உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நம் வீரர்கள் வாளை வீசும்போது அந்த ஒப்பீடு நடப்பதே இல்லை. தகவல் எல்லாம் இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. டிராகன் வாள், ராட்சத வாள், பவள வாள், சூரிய வாள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அதை முதல்முறை கண்டுபிடித்தபோது எனக்கு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. சின்ன வயதில் எரிமலைக்குள் இறங்கும்போது “இந்த வாளை வெச்சுக்கோ, அந்த வாளை வெச்சுக்கோ” என்று நீயும் நானும் சண்டை போட்டோமே, பெயரை மட்டும் நம்பித்தானே போட்டோம்? 256 கிலோபைட்டுக்குள் ஒரு உலகத்தையே அடைத்தவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஒரு வாளுக்கு ஒரு பெயர் வைத்தால், அந்தப் பெயர் ஆடுகிறவருக்குக் கொடுத்த வாக்கு. நான் தமிழில் பெயர் வைக்கப்போகிறேன் என்றால், முதலில் அந்த வாக்கு நிறைவேற வேண்டும். அதனால் பெயர்களைத் தள்ளிவைத்துவிட்டு, போர்க் கணக்கைத் திருத்தினேன். ரசிகர் ஒருவர் அந்த ஆட்டத்தின் நிரல் முழுவதையும் பிரித்து, வரிக்கு வரி குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தப் புண்ணியவான் இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது.

கூடவே இன்னொன்றையும் சரிசெய்தேன். ‘கிரிட்டிகல்’ அடி, அதாவது வழக்கத்தைவிடப் பலமான அடி, விழும் வாய்ப்பு ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆட்டம் அதைப் படிக்காமல், நாற்பது ஆயுதங்களின் பட்டியலில் இது எத்தனையாவது என்ற எண்ணைப் படித்துவிடுகிறது. பதினேழாவதாக இருக்கும் வெள்ளி வாளைவிட முப்பத்தொன்றாவதாக இருக்கும் மந்திரக்கோலுக்கு அந்த அடி அதிகம் விழும்! இதைத் தொடவே கூடாது, இதுதான் ஆட்டத்தின் குணம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ரொம்ப யோசித்துத்தான் தொட்டேன். வாள் வாளாக இருக்கட்டும்.

அப்புறம் பெயர்கள். இதைத்தான் உன்னிடம் பேச வேண்டும், ஏனென்றால் நம் இருவரில் சொல் தெரிந்தவன் நீதான்.

ஒரு ஆயுதப் பெயருக்கு ஆட்டம் கொடுப்பது ஏழே இடம். வாளா, கோடரியா, கோலா என்று காட்டும் குட்டிப் படம் போட்டால் அதற்கும் அந்த ஏழில் ஒன்று போய்விடும். ஒவ்வொரு இடமும் எட்டுக்கு எட்டுப் புள்ளி உள்ள ஒரு டைல். ஆங்கிலத்துக்கே இது போதவில்லை. எக்ஸ்காலிபர் என்ற வாள் ஆங்கில முதலெழுத்தான E-ஐ இழந்து ‘எக்ஸ்கால்பர்’ மாதிரி ஏதோ ஆனது. மாசமுனே என்ற வாள் நடுவில் ஓர் எழுத்தை இழந்து ‘மாஸ்முனே’ ஆனது. நாம் சின்ன வயதில் அதுதான் சரியான பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், நினைவிருக்கிறதா?

தமிழுக்கு என்ன ஆகும் என்று பயந்துகொண்டேதான் தொடங்கினேன். 247 எழுத்தையும் வரைய இடம் கிடையாது. ஆகவே துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு எல்லாம் தனித் தனி டைல். உகர ஊகார எழுத்துகளில் ஆட்டத்தில் வருகிறவற்றை மட்டும் வரைந்தேன், ஙு, ஞூ எல்லாம் கிடையாது. அ, ஆ, இ, ண போன்றவை ஒரு டைலுக்குள் அடங்க மறுத்ததால் இரண்டு. ‘ண’வுக்கு மட்டும் நான்கு ராத்திரி போயிற்று. மூன்று சுழியையும் ஏழு புள்ளி அகலத்தில் அடக்கிப் பார்த்தால் கம்பளிப்பூச்சி மாதிரி நெளிந்தது, ஒரு சுழியை விட்டால் ‘ன’ ஆகிவிட்டது. கடைசியில் விட்டுக்கொடுத்தேன்.

மெய்யெழுத்தின் புள்ளியை எங்கே வைப்பது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எழுத்தின் தலையில் வைத்தால் எழுத்துக்கு ஆறு வரிசைதான் மிஞ்சுகிறது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக் காலத்து ஜப்பானிய ஆட்டங்கள் பலவற்றில், எழுத்தின் ஒலியை மாற்றும் இரண்டு சின்னக் கோடுகளை எழுத்துக்கு மேல் வரிசை டைலில் போடுவார்கள். அதற்காகவே வரிக்கும் வரிக்கும் நடுவே ஒரு வரிசை காலியாக இருக்கும். ஆங்கிலத்துக்கு அந்த இடம் தேவைப்படவில்லை, சும்மா கிடந்தது. நம் புள்ளியும் இகரத்தின் சுழியும் போய் அங்கே உட்கார்ந்துகொண்டன. திரையில் முதல்முறை ‘வாள்’ என்று தலையில் புள்ளியோடு பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

இப்போது கேள், மாசமுனே. ம, துணைக்கால், ச, மு, இரட்டைக்கொம்பு, ன. ஆறு டைல்! ஏழாவதில் வாள் படமும் வைக்கலாம். 1300-ஐ ஒட்டி வாழ்ந்த அந்த ஜப்பானிய வாள் கொல்லரின் பெயர், ஓர் எழுத்தும் உதிராமல் தமிழில் முழுசாக நிற்கிறது. அதை மொழிபெயர்க்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இல்லை. ஒரு மனிதரின் பெயர் அது, அப்படியே இருக்க வேண்டும்.

மற்றவற்றில் குட்டிப் படம் பெரிய உதவி. வாள் படம் பக்கத்தில் இருக்கும்போது ‘வாள்’ என்று எழுதத் தேவையில்லை. ‘வெள்ளி’, ‘தழல்’, ‘பனி’ என்றால் போதும். தோர் சுத்தியலைப் போரில் பொருளாகப் பயன்படுத்தினால் மின்னல் மந்திரம் வரும், அதற்கு ‘இடி’ என்று வைத்தேன். சுத்தியல் படத்தின் பக்கத்தில் அந்த இரண்டெழுத்து எவ்வளவு கனமாக இருக்கிறது தெரியுமா? கூட்டத்தையே குணப்படுத்தும் கோலுக்கு ‘ஆற்றி’. வளைந்த வாளுக்கு நம்மிடம் ஏற்கெனவே ‘கொடுவாள்’ இருக்கிறது. கொடு என்றாலே வளைவு. சரியாக ஏழு டைல், படத்துக்கு இடமில்லை, ஆனால் வாள் பெயருக்குள்ளேயே இருக்கிறதே.

‘வார்பல்’ என்று ஒரு வாள். அது அகராதிச் சொல் இல்லை. லூயிஸ் கரோல் 1871-இல் வெளிவந்த ஒரு கவிதையில் தானாக உண்டாக்கிய சொல். பொருளே இல்லாததை எப்படி மொழிபெயர்ப்பது? ஒலியால்தான். ‘சதக்’ என்று வைத்திருக்கிறேன். வெட்டும் ஓசையே பெயர். இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் திருப்தி தந்த பெயர் இதுதான், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இனப்பகை வாள்களுக்கு உன்னிடம் கற்றதையே பயன்படுத்தினேன். சூரியனுக்கு ‘இருட்பகை’ என்று ஒரு பெயர் உண்டு என்று கல்லூரி நாளில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. டிராகன் வாளுக்கு ‘நாகப்பகை’. யாருக்கு எதிரி என்று பெயரே சொல்லிவிடுகிறது. ‘டிராகன் வாள்’ என்றால் டிராகனுடைய வாளா, டிராகனை வெட்டும் வாளா என்ற குழப்பமும் இல்லை. ஆனால் உன் மகளின் வாள்தான் மல்லுக்கு நிற்கிறது. ‘ஓநாய்ப்பகை’ எட்டு டைல். ஒன்று அதிகம்! ‘ஓரிப்பகை’ என்றால் ஆறு, படத்துக்கும் இடம் இருக்கிறது. ஓரி நரிதானே, ஓநாய் இல்லையே என்று மனம் உறுத்துகிறது. அவளே தீர்ப்புச் சொல்லட்டும். அந்த வாளுக்குப் பெயர் வைக்கும் உரிமை அவளுக்குத்தான்.

கடைசியாக எக்ஸ்காலிபர். எட்டு டைல், ‘ஸ்’ஸுக்குத் தனியாக ஒன்று வரைய வேண்டும். பறக்கும் கோட்டையிலிருந்து அடமான்ட் என்ற கடினமான கனிமத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், குகையில் இருக்கும் குள்ளர் கொல்லன் அடித்துத் தரும் வாள் அது. கொல்லன் கையால் நம் கண்முன் பிறக்கும் வாள் என்பதால் எனக்கு அதற்குத் தோன்றியது ‘எஃகம்’. வாளுக்கும் வேலுக்கும் நம் பழம்பாட்டுக்காரர்கள் சொன்ன சொல், எஃகிலிருந்து வந்தது. நான்கே டைல்.

ஆனால் அதற்கு ஃ வேண்டும். நான் இதுவரை ஃ வரையவே இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்க, எல்ஃப் இனத்தாரைக்கூட ‘எல்பர்’ என்று எழுதிச் சமாளித்திருக்கிறேன். என் கையில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு டைல். வசனங்களைத் திருத்தும்போது வேறு ஏதாவது எழுத்து விடுபட்டது தெரிந்தால் அதற்கு இடம் இருக்காது. நேற்று ராத்திரி ஒரு தாளில் மட்டும் போட்டுப் பார்த்தேன். மேலே நடுவில் இரண்டுக்கு இரண்டு, கீழே இடமும் வலமும் இரண்டுக்கு இரண்டு. 64 கட்டத்தில் 12 கட்டம்தான் கறுப்பு. நான் வரைந்த எழுத்துகளிலேயே எங்கும் நெருக்கடி இல்லாமல் நிமிர்ந்து நிற்பது அது ஒன்றுதான். அதை ஊரெல்லாம் ஆயுத எழுத்து என்றுதானே சொல்கிறது? ஆயுதப் பட்டியலுக்குள் அதுவும் வரட்டுமே என்று எனக்கு ஆசை. எல்ஃப்களுக்கும் பெயர் திரும்பக் கிடைக்கும். நீ என்ன சொல்கிறாய்? வசனங்களை நீ ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுச் சொன்னால் தைரியமாக வரைந்துவிடுவேன். வசனக் கோப்பையும் இத்துடன் அனுப்புகிறேன்.

ஓநாய் வாள் திருத்தத்தை மட்டும் தனி ஐபிஎஸ் பேட்சாக வைத்திருக்கிறேன். அதில் ஆட்டம் கிடையாது, எந்த இடத்தில் எந்த பைட் மாறுகிறது என்ற குறிப்பு மட்டும்தான். உன்னிடம் இருக்கும் ரோமின் (ஆட்டக் கோப்பின்) ஒரு பிரதிமேல் போடு. அவளுடைய சேவ் கோப்பு தனியாக இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் முதலில் அதற்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள். பிறகு அந்த நோட்டைத் திறந்து, அதே ஓநாய்களை இன்னும் இருபது முறை வெட்டச் சொல். எண்களை எனக்கு அப்படியே எழுதி அனுப்பு.

அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்